பின்னாடி உட்கார்ந்த வண்டி

ராத்திரி நேரத்துல ஹைவேயில கார் ஓட்டிட்டு வர்றவங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். எதிரே ஒரு பிக்அப் வரும். பின்பக்கம் தரையைத் தொடுற மாதிரி உட்கார்ந்திருக்கும், மூக்கு மேலே தூக்கியிருக்கும். அதோட லைட் ரோட்டுல விழாம நேரா உங்க கண்ணுல விழும். 'அறிவில்லாதவன், ஹை பீம் போட்டுட்டு வர்றான் பாரு'ன்னு திட்டியிருப்பீங்க.

அது நான்தாங்க. ஹை பீம் எல்லாம் இல்லை. லோ பீம்தான். பின்னாடி தக்காளி அதிகம், அவ்வளவுதான்.

ஒட்டன்சத்திரம் பக்கத்துல எனக்கு மூணு ஏக்கர். தக்காளி, கொஞ்சம் முருங்கை, மழை பேஞ்சா மக்காச்சோளம். ஏழு வருசத்துக்கு முன்னாடி கடன் வாங்கி ஒரு பழைய பிக்அப் வாங்கினேன். என் காயை நானே மார்க்கெட்டுக்கு கொண்டு போகலாம், மீதி நாள் வாடகைக்கு ஓட்டலாம்னு கணக்கு. நல்ல கணக்குதான். ஆனா அந்தக் கணக்குக்குள்ள இன்னொரு கணக்கு ஒளிஞ்சிருந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியல.

வண்டியோட ஆர்.சி. புக்குல ஒன்றேகால் டன்னுன்னு இருக்கு. நாங்க யாரு அதைப் பார்த்தோம்? பாடி நிறையணும், தார்ப்பாய் கட்டணும், கிளம்பணும். ஒரு நடைக்கு ஆகுற டீசல் நாற்பது பெட்டி ஏத்தினாலும் அதேதான், அறுபத்தஞ்சு ஏத்தினாலும் கிட்டத்தட்ட அதேதான். மார்க்கெட்டுல விடியக்காலம் போற காய்க்கு ஒரு விலை, எட்டு மணிக்கு மேல போற காய்க்கு வேற விலை. ரெண்டாவது நடை அடிச்சா அந்தக் காய் எட்டு மணிக் காய். அதனால எல்லாத்தையும் ஒரே நடையில ஏத்துறது. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்.

நாலு வருசத்துல பின்பக்க பட்டை தொய்ஞ்சு போச்சு. லாரி, பிக்அப் பின் சக்கரத்துக்கு மேல வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புத் தகடுகளை அடுக்கி வெச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதைத்தான் பட்டைன்னு சொல்றோம். சுமை ஏறினா வில்லு நிமிரும், இறங்கினா பழையபடி வளையும். தொடர்ந்து அளவுக்கு மீறி நிமிர்த்தினா, வளையுறதையே மறந்துடும். என் வண்டி காலியா நின்னாலும் பின்னாடி கொஞ்சம் குனிஞ்சே நின்னுச்சு.

பட்டறையில கேட்டதுக்கு, "ஒரு பட்டை சேர்த்துப் போட்ருவோம்ணே. யானை ஏத்தலாம்"னாங்க. போட்டோம். உண்மையிலேயே நல்லா நின்னுச்சு. அறுபத்தஞ்சு பெட்டி ஏத்தினாலும் வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்னுச்சு. எனக்கு ரொம்ப பெருமை.

அந்தப் பெருமைக்கு ரெண்டு விலை குடுத்தேன்.

முதல் விலை, பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தப்போ. எட்டாம் மாசம். ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு வலிக்குதுன்னா. ஊர்ல வாடகைக் கார் வெச்சிருக்கிறவர் அன்னிக்கு பழனிக்கு சவாரி போயிட்டார். வேற வழியில்லாம பிக்அப்லயே கிளம்பினோம். பொண்ணு முன் சீட்டுல, அவ அம்மா அவளைப் பிடிச்சுக்கிட்டு. வண்டி காலி. சேர்த்துப் போட்ட பட்டை சும்மா இருக்குமா? அது ரெண்டு டன்னுக்கு விறைப்பா நிக்கிற பட்டை. காலி வண்டியில கொஞ்சம்கூட வளையாது. சின்னக் குழி வந்தாலும் தூக்கித் தூக்கிப் போடுது. ஒவ்வொரு குழிக்கும் பொண்ணு 'அப்பா'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான். பதினொரு கிலோமீட்டரை மாட்டு வண்டி வேகத்துல உருட்டிக்கிட்டு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆச்சு. பொய் வலிதான், ஒண்ணும் பயமில்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் வெளியே வந்து வண்டியைப் பார்த்துட்டு, "இதுலயா கூட்டிட்டு வந்தீங்க?"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டாவது விலை அதை விடப் பெருசு. பாச்சலூர் மலையிலிருந்து மேரக்காய் ஏத்திக்கிட்டு இறங்கினேன். நீங்க சௌசௌன்னு சொல்றதைத்தான் மலையில மேரக்காய்ம்பாங்க. மூட்டை எத்தனைன்னு இப்போ சொல்ல வெட்கமா இருக்கு. வண்டி நிமிர்ந்துதான் நின்னுச்சு, அதனால எனக்கு பாரமே தெரியல. வளைவு வளைவா இறங்குறேன். பாதி மலையில கருகின வாடை. நாலு வளைவு தாண்டினதும் பிரேக் மிதிச்சா மிதி கீழே போகுது, வண்டி நிக்க யோசிக்குது. கியரைக் குறைச்சு, மலைப்பக்கமா ஒடிச்சு, ஒரு மாதிரி நிறுத்திட்டேன். கூட வந்த பையன் குதிச்சு இறங்கி சக்கரத்துக்கு கல்லு வெச்சான். முன் சக்கரத்துல இருந்து புகை. பின் சக்கரத்துக்கிட்ட போய் பயந்துக்கிட்டே கையைக் கொண்டு போனேன். அங்க அவ்வளவு சூடே இல்லை.

ஏன் முன்னாடி மட்டும் எரியுது, பின்னாடி ஏன் எரியலைன்னு அன்னிக்கு எனக்கு விளங்கல. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ரெண்டாவது கியர்லயே இறங்கி வந்து சேர்ந்தேன். வீட்டுல சொல்லல. அந்தப் பையன்தான் சொல்லிட்டான்.

மகன் கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிறான். விசயம் தெரிஞ்சதும் போன் பண்ணினான். "அப்பா, அந்தப் பட்டையை முதல்ல கழட்டுங்க. பின்னாடி ஏர் பலூன் போடலாம்"னான். எனக்கு சிரிப்பு வந்துச்சு. திருவிழாவுக்கு விக்கிற பலூனான்னு கேட்டேன். "இல்லப்பா, ஆம்னி பஸ்ஸுல இருக்குமே, அது"ன்னான்.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. சென்னை போற பெரிய பஸ்ஸெல்லாம் ஸ்டாண்டுல நிக்கும்போது புஸ்ஸுன்னு காத்து விட்டு உட்காரும். அதுல இரும்புப் பட்டைக்குப் பதிலா ரப்பர் பை, உள்ளே காத்து. நம்ம மாதிரி சின்ன வண்டிக்கு பட்டையை எடுக்க வேண்டியதில்லை. பட்டை அப்படியே இருக்கும். சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பலூன் துணைக்கு நிக்கும். லோடு இருந்தா காத்து அடிச்சுக்கலாம், இல்லேன்னா குறைச்சுக்கலாம். சேர்த்துப் போட்ட பட்டையால இதைச் செய்ய முடியாது. அது எப்பவும் ஒரே விறைப்பு.

இதை நம்பி உடனே வாங்கிடல. திண்டுக்கல்ல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாய் ஒருத்தர் இருக்கார். லாரி, பஸ் அடிப்பக்கத்துல படுத்தே முப்பது வருசம் ஓட்டினவர். அவர்கிட்ட வண்டியைக் கொண்டு போனேன். அவர் பலூனைப் பத்தி எதுவும் பேசல. வண்டிக்கு அடியில போய் படுத்தார். அஞ்சு நிமிசம் கழிச்சு, "அண்ணே, இங்க வாங்க"ன்னார்.

பின் ஆக்ஸிலிலிருந்து மேலே சேசிஸுக்கு ஒரு ஒல்லியான கம்பி போகுது. அது ஒரு வால்வுல முடியுது. ஏழு வருசமா என் வண்டியில இருக்கு, நான் பார்த்ததே இல்லை. பாய் சொன்னார்: "இதுதாண்ணே பின் பிரேக்குக்கு எவ்வளவு வேலை குடுக்கணும்னு முடிவு பண்றது. லோடு ஏறினா பின்பக்கம் இறங்கும், இந்தக் கம்பி தள்ளும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டியில பின்பக்கம் தூக்கியிருக்கும், அப்ப அழுத்தத்தைக் குறைச்சிரும். இல்லேன்னா காலி வண்டியில பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கும். நீங்க பட்டையைச் சேர்த்து வண்டியை நிமிர்த்தி வெச்சுட்டீங்க. உள்ளே ரெண்டு டன் இருக்கு, வால்வு காலி வண்டின்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. மலையில மொத்தப் பாரத்தையும் முன் பிரேக் தனியா பிடிச்சிருக்கு. புகையாம என்ன செய்யும்?"

நான் அந்தக் கம்பியைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நாம உடம்புல வலி தெரியாம இருக்க மாத்திரை போட்டுக்கிட்டு, நோயே போயிருச்சுன்னு நினைக்கிற மாதிரிதான் நான் செஞ்சிருக்கேன். குனிஞ்சு நின்ன வண்டி எனக்கு ஏதோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் வாயை அடைச்சுட்டேன்.

எல்லா வண்டியிலயும் இந்தக் கம்பி இருக்காது. ஆனா உங்க வண்டியில இருக்கான்னு தெரியாம பின்பக்கத்தைத் தூக்காதீங்க.

"அப்ப பலூன் போட்டாலும் இதே கதைதானே பாய்?"ன்னு கேட்டேன். "ஆமாண்ணே. காத்து அடிச்சு காலி வண்டி உயரத்துக்கு தூக்கினா இதே கதைதான். தூக்குறதுக்கு இல்ல பலூன், தாங்குறதுக்கு. அதோட, பலூன் போட்டா ஒரு கிலோகூட அதிகம் ஏத்த முடியாது. ஆக்ஸில் அதேதான், டயர் அதேதான், பிரேக் அதேதான். புக்குல இருக்கிற எடைதான் எடை. அதுக்கு ஒத்துக்கிட்டா சொல்லுங்க, போடலாம். யானை ஏத்தணும்னா வேற ஆளைப் பாருங்க"ன்னுட்டார்.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, முதல் தடவையா ஆர்.சி. புக்கை வெச்சு கணக்கு போட்டேன். காலி வண்டி 1400 கிலோ. மொத்த எடை 2650. மீதி 1250. காலி எடையில டிரைவர் எடை சேராதுன்னு மகன் சொன்னான். அப்ப நான் 70, கூட வர்ற பையன் 65. மீதி 1115. ஒரு பெட்டியில தக்காளி 25 கிலோ, பிளாஸ்டிக் பெட்டி 2 கிலோ. ஆக 27. வகுத்தா 41 பெட்டி. நான் இத்தனை நாள் ஏத்தினது 65. அதாவது 1755 கிலோ தக்காளியும் பெட்டியும், அதுக்கு மேல நாங்க ரெண்டு பேர். 640 கிலோ அதிகம். ஒரு கறவை மாட்டையும் அதோட கன்னுக்குட்டியையும் மேலே ஏத்தி வெச்சுக்கிட்டு மலை இறங்கின மாதிரி.

அபராதத்தைக்கூட அப்பதான் படிச்சேன். 2019-ல சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000. ஒரு தடவை பிடிச்சா எனக்கு ஒரு மாசத் தக்காளி போச்சு.

பலூன் போடுறதுன்னு முடிவாச்சு. அதுலயும் ரகம் இருக்கு. பாய் சொன்னதை அப்படியே எழுதுறேன், யாருக்காவது உதவும்.

ஒண்ணு, இட்லியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். குட்டையா இருக்கும், நல்லா பாரம் தாங்கும், ஆனா கொஞ்சம் விறைப்பு. இன்னொண்ணு மடிப்பில்லாம உறை மாதிரி நீளமா இருக்கும், கீழே ஒரு கட்டை மேல உருண்டு மடியும். அது மெத்துனு போகும், நீளமா ஏறி இறங்க இடம் குடுக்கும், ஆனா நிக்க உயரம் வேணும். மூணாவது, பின்னாடி சுருள் ஸ்பிரிங் இருக்கிற கார் மாதிரி வண்டிகளுக்கு, சுருளுக்கு உள்ளேயே நுழைக்கிற சின்ன பை. பட்டை வண்டிக்கு அது ஆகாது.

எது வேணும்னு கடைக்காரர் சொல்லக்கூடாது, டேப்புதான் சொல்லணும்னார் பாய். காலி வண்டியில சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல எவ்வளவு, முழு லோடுல எவ்வளவுன்னு ரெண்டையும் அளந்தார். டயர் குலுங்கும்போது பலூன்ல உரசுமா, சைலன்சர் குழாய் சூடு படுமா, பிரேக் குழாய் பக்கத்துல போகுதான்னு பார்த்தார். என் வண்டிக்கு உயரம் குறைவு, அதனால மடிப்பு ரகம். சேசிஸுல ஓட்டை போடாம, வெல்டிங் வைக்காம, போல்ட்டுல பிடிக்கிற மாதிரி தாங்கி இருக்கிறதைத்தான் வாங்கச் சொன்னார். கம்பெனி செஞ்சதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல இருக்கு. அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் கை வெச்சேன். நீங்களும் கேட்டுட்டே செய்யுங்க. சேர்த்துப் போட்ட பட்டைக்கு இதை நான் கேட்கவே இல்லைங்கிறதையும் ஒத்துக்கிறேன்.

ரெண்டு பலூனுக்கும் ஒரே குழாய் போட்டா செலவு குறைவுன்னு நான் சொன்னேன். பாய் வேண்டாம்னுட்டார். வளைவுல வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கத்துக் காத்து குழாய் வழியா அடுத்த பக்கத்துக்கு ஓடிரும். சாயுற பக்கம் இன்னும் சாயும். மலை ரோட்டுக்கு அது வினை. அதனால ரெண்டுக்கும் தனித்தனி குழாய், தனித்தனி வால்வு. வண்டி டயர் வால்வு மாதிரிதான். கேபின்ல இருந்தே அடிக்கிற சின்ன கம்ப்ரஸரும் விக்குது. நமக்கு எதுக்கு? பெட்ரோல் பங்குல டயருக்கு அடிக்கும்போது இதுக்கும் அடிச்சுக்கிறேன்.

மொத்தச் செலவு ரெண்டு புது டயர் விலைக்கு மேலேயே வந்துச்சு. தொய்ஞ்ச பட்டையை எடுத்துட்டு கம்பெனி அளவுல புது பட்டை செட்டு போட்டது தனி. அதை முதல்ல செய்யணும்னு பாய் கண்டிப்பா சொல்லிட்டார். செத்துப்போன பட்டைக்கு பலூன் முட்டு குடுக்காது. பொண்டாட்டி ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசல.

இப்போ எப்படி ஓட்டுறேன்னா, காலி வண்டியில அஞ்சு பவுண்டு காத்து மட்டும் வெச்சுக்கிறேன். சுத்தமா காத்து இறக்கக்கூடாது. ஒரு தடவை மறந்துபோய் காத்தே இல்லாம ஓட்டினேன், ரப்பர் நடுவுல கடிபட்டு தடம் விழுந்துருச்சு. நல்லவேளை கிழியல. லோடு ஏத்தினதும் பாடி ஓரத்துல இருந்து சக்கர நடு வரைக்கும் டேப் வெச்சு பார்ப்பேன். 41 பெட்டிக்கு 7 சென்டிமீட்டர் இறங்குது. காத்து அடிச்சு 3 சென்டிமீட்டர் மட்டும் தூக்குவேன். மீதி 4 இறங்கியே இருக்கட்டும். கம்பிக்கு பாரம் தெரியணும் இல்லையா. வால்வுக் கம்பியையும் கம்பெனி சர்வீஸ்ல குடுத்து, புத்தகத்துல உள்ள அளவுக்கு சரி பண்ணி வாங்கிட்டேன். மாசம் ஒருமுறை சோப்புத் தண்ணி தெளிச்சு குழாய் மூட்டுல முட்டை விடுதான்னு பார்ப்பேன். பஞ்சர் பார்க்கிற அதே வேலைதான்.

லோடு அடுக்குறதும் மாறிப் போச்சு. முன்னெல்லாம் இறக்க சௌகரியம்னு பின்கதவு ஓரமா கனத்தை வைப்போம். பின் ஆக்ஸிலுக்கு அந்தாண்ட வைக்கிற பாரம், ஏத்தப் பலகை மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கும். ஸ்டீயரிங் லேசா ஆயிரும். கொக்கி போட்டு ட்ரெய்லர் இழுக்கிறவங்களுக்கும் இதேதான், கொக்கி இருக்கிறது ஆக்ஸிலுக்குப் பின்னாடி. பலூன் பின்பக்கத்தைத் தாங்கும், ஆனா முன்னாடி இல்லாத பாரத்தைக் கொண்டுவந்து வைக்காது. அதனால கனத்தை கேபினை ஒட்டி அடுக்குறேன். எடை மேடையில முதல்ல முழு வண்டியையும், அப்புறம் பின் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரியும் ரெண்டு தடவை எடை போட்டுப் பார்த்தேன். அப்பதான் எங்க எவ்வளவு உட்காருதுன்னு தெரிஞ்சது.

நட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 24 பெட்டி ஒரு நடையில குறையுது. காய் அதிகமா வர்ற நாள்ல ரெண்டாவது நடை, எட்டு மணி விலை. சில நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரரோட வண்டியில இடம் இருந்தா வாடகை பங்கு போட்டுக்கிறோம். வாடகைக்கு கூப்பிடுறவங்க சில பேர், "அண்ணன் இப்ப ரொம்ப கணக்கு பார்க்கிறாரு"ன்னு வேற வண்டியைக் கூப்பிடுறாங்க. தக்காளி விலை கிலோ அஞ்சு ரூபாய்க்கு விழுந்த வாரம், இன்னொரு இருபது பெட்டியை ஏத்திக்கிட்டு போயிறலாமான்னு கை துறுதுறுன்னுச்சு. பொய் சொல்லல. அன்னிக்கு ஏத்தல. அடுத்த வாரம் ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணவும் தெரியல. ஆனா டேப்பை எடுத்து அளக்கும்போது, புகைஞ்ச அந்த முன் சக்கரம் ஞாபகம் வந்துருது.

பொண்ணுக்கு பையன் பிறந்தான். மூணாம் மாசம் அவளை மாமியார் வீட்டுக்கு கொண்டு விடணும். மாப்பிள்ளை கார் ஏற்பாடு பண்றேன்னார். "தொட்டில், பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம் இருக்கே மாப்ள, நம்ம வண்டியிலயே வந்துர்றோம்"னு சொல்லிட்டேன். பொண்டாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தா. அதே ரோடு, அதே குழிங்க. பேரன் அவ மடியில தூங்கிட்டே வந்தான். ஒரு இடத்துல பெரிய பள்ளம், நான் பார்க்கல, இறங்கி ஏறிருச்சு. பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தா. ஒண்ணும் சொல்லல. பையனும் முழிக்கல.

மேக்கால இருட்டிக்கிட்டு வருது. பெட்டியெல்லாம் வெளியே கிடக்கு. போய் தார்ப்பாய் போடணும்.